தருமபுரிக்கு ஒரு பச்சைக் கோடு

தருமபுரி
19.2.1986, புதன்கிழமை

மதிப்பிற்குரிய சலாவுதீன் மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

'அந்தப் பச்சைக் கோட்டை நான் போடவில்லை.' போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் திரைச்சீலைப் பக்கம் திரும்பி என்னைக் கேட்டபோது நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான். சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம். அன்று அந்த ஒரு மூச்சைச் செலவழிக்காததால் இன்று இத்தனை காகிதம் செலவாகிறது.

நீங்களும் மாமியும் உங்கள் மகனும் சுகமாக அவிநாசி போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இறைவன் அருளால் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் கூடத்துச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் தலை வலிக்கிறது, காரணம் உங்களுக்குத் தெரியும். உங்களை மாமா என்று அழைக்கும் உரிமை எனக்கு ஞாயிறு காலையில் இருந்தது. ஞாயிறு மாலையிலிருந்து அது சந்தேகத்தில் இருக்கிறது. ஆனாலும் வேறு எப்படி அழைப்பதென்று தெரியாததால் அதையே எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரியவருக்குப் பெண்ணே உட்கார்ந்து கடிதம் எழுதுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை என்பதும் தெரியும். அதிகம் பேசாத பெண் என்று, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த எங்கள் ஷரீபுன்னிசா அத்தை என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான். பேசாதவர்கள் எழுதத் தொடங்கினால் சீக்கிரம் நிறுத்தமாட்டார்கள் என்பதை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

முதலில் அந்தப் படம் அங்கே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மற்ற வீடுகளில் பெண் பார்க்க வரும்போது பெண் துணியில் தைத்த கிளியையோ மணியில் கோத்த அன்னத்தையோ சட்டம் போட்டு மாட்டுவார்கள். எனக்குத் தையல் வராது. நான் தைத்த கிளி ஒன்று அம்மாவின் அலமாரியில் இருக்கிறது, பார்த்தவர்கள் எல்லாரும் கத்தரிக்காய் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். மாட்ட வேறு எதுவும் இல்லாததால், அஞ்சல் வழியில் நான் படிக்கும் எம்.ஏ. பொருளாதாரத்துக்காகப் போட்டு வைத்திருந்த கோட்டுப்படத்தை என்னைப் பெற்ற அத்தா எடுத்து மாட்டிவிட்டார். வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று வட்டாரங்களிலிருந்து பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு பஞ்சு வெளிநாட்டுக்குக் கப்பலேறியது என்று ஒப்பிடும் படம். சார்ட் பேப்பரில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று கோடுகள். அரசாங்கம் ஏற்றுமதிக்கு அனுமதி தாராளமாகக் கொடுத்த ஆண்டில் கோடுகள் ஏறும், கையை இறுக்கிய ஆண்டில் இறங்கும். நான் மாதக்கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளைப் புரட்டிப் போட்ட கோடுகள் அவை. ஒரு பெண்ணைப் பற்றி அந்தப் படம் என்ன சொல்லும் என்று நான் அத்தாவைக் கேட்டேன். பொறுமைசாலி என்று சொல்லும் என்றார். அதோடு நீங்களும் பஞ்சு வியாபாரி, அவரும் பருத்தித் தரகர், பேச்சு தானாக ஆரம்பித்துவிடும் என்றார். அந்த ஒன்றில் அவர் சொன்னது அப்படியே நடந்தது.

சனிக்கிழமை நானும் அம்மாவும் வளையல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில்தான் அத்தா பச்சை மையில் நாலாவதாக ஒரு கோடு போட்டு, முனையில் 'தருமபுரி' என்று தம் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தின் அருகில் போய் நின்று கேட்டபோதுதான் திரைக்கு இந்தப் பக்கம் நான் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க அன்வர் பாய், மேல போற பச்சைக் கோடு எந்தூருங்க?"

"அது நம்ம தருமபுரிங்க."

"தருமபுரியா? குஜராத்தெல்லாம் சேந்த கோட்டுக்கு மேலயா போவுது?"

"மேல போனா நாம என்னங்க பண்ண முடியும்" என்றார் அத்தா, அடக்கத்தோடு.

என் படத்தில் இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் இருக்கின்றன அல்லவா, அவை லட்சம் பேல்கள். அதுவும் கொட்டை நீக்கிய பஞ்சு, இறுக்கிக் கட்டியது. அதே எண்களில் அத்தா போட்டது ஆயிரம் ஆயிரமாக மூட்டைகள், அதுவும் கொட்டையோடு இருக்கும் பருத்தி. மூன்று கிலோ பருத்தியை அரைத்தால் ஒரு கிலோ பஞ்சு தேறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொட்டையும் சேர்ந்து எங்கள் ஊர்க் கோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இதற்கெல்லாம் மேலாக, அந்த மூட்டைகளில் ஒன்றுகூடக் கப்பலைப் பார்த்ததில்லை. எல்லாம் சேலத்து மில்லுக்குப் போனவை. நீங்கள் அதைத்தான் நியாயமாகக் கேட்டீர்கள், ஏற்றுமதி என்றால் கப்பலில் ஏற வேண்டாமா என்று. அத்தா சொன்ன பதிலை நான் என் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"தொப்பூர்க் கணவாய் எறங்கிட்டா அப்புறம் அது எங்க போவுதுன்னு நமக்கு என்னங்க தெரியும்? சேலமும் போவும், சீமைக்கும் போவும். நம்ம கைய வுட்டு எறங்கிடுச்சில்ல? அப்ப ஏற்றுமதிதான்."

அதன்பின் நீங்கள் பச்சைக் கோட்டின் நடுவே எழுபத்தொன்பதாம் ஆண்டில் இருந்த பள்ளத்தைக் காட்டி அது ஏன் என்று கேட்டீர்கள். அந்த ஆண்டு நாட்டில் வேறெந்தக் கோட்டிலும் பள்ளம் இல்லை. அது தொப்பூர் வளைவில் லாரி கவிழ்ந்த வருஷம் என்றார் அத்தா. மூன்று வட்டாரங்களும் அரசாங்கக் கொள்கையால் ஏறி இறங்க, எங்கள் மாவட்டம் மட்டும் ஒரு லாரி டிரைவரின் கையில் இருந்திருக்கிறது. அப்போதாவது பேச்சு நின்றிருக்கும். ஆனால் விருந்துக்குத் தக்காளியும் தேங்காயும் கொண்டுவந்த மாரண்டஹள்ளி மாரப்பண்ணன், அத்தாவிடம் வருஷா வருஷம் பருத்தி போடுகிறவர், காலி சாக்கை வாங்கிக்கொண்டு போக வாசலில் நின்றிருந்தார். கவிழ்ந்தது அவருடைய பருத்திதான். அத்தா அவரைச் சாட்சிக்கு உள்ளே கூப்பிட்டார்.

"லாரி கவுந்தது நெசந்தான் பாய்" என்றார் அவர். "ஆனா பருத்தி ஒண்ணும் கெடல. மக்யா நாளே வேற லாரியில அள்ளிப்போட்டு அனுப்பிட்டமே. நீங்கதான வந்து நின்னீங்க?"

அத்தா பேனாவை எடுத்து எழுந்துபோய், பள்ளத்தின் மேல் ஒரு பாலம் போட்டு ஆண்டை நிரவிவிட்டார். உள்ளே உங்கள் வீட்டு மாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், என் படத்தில் ஓர் ஆண்டின் புள்ளிவிவரம் சர்பத் குடித்து முடிப்பதற்குள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

நீங்கள் கோபப்பட்டீர்கள் என்று சொல்லமாட்டேன். "அப்படிப் பாத்தா எங்க அவிநாசிக்கும் ஒரு கோடு போட்றலாமுங்களே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். சிரித்துக்கொண்டேதான் சட்டைப்பையிலிருந்து, பேலுக்குக் குறி போடும் அந்த ஊதா பென்சிலை எடுத்தீர்கள். எழுபதாம் ஆண்டில் அமைதியாகத் தொடங்கினீர்கள். எழுபத்தைந்தில் மேற்கு வட்டாரத்தைத் தாண்டினீர்கள். எழுபத்தெட்டில் தருமபுரியைத் தாண்டினீர்கள். எண்பத்தொன்றில் சார்ட் பேப்பர் முடிந்துவிட்டது. நீங்கள் நிற்கவில்லை. உங்கள் எண்பத்திரண்டும் எண்பத்துமூன்றும் எங்கள் சுண்ணாம்புச் சுவரில் இருக்கின்றன. எண்பத்துநான்கு காலண்டருக்குப் பக்கத்தில். நீங்கள் போன பிறகு அம்மா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். அந்தப் பென்சில் ஈரம் பட்டால் அழியாது, பூக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. இப்போது அவிநாசியின் ஏற்றுமதி எங்கள் கூடத்தில் ஒரு முழம் அகலத்துக்கு ஊதாவாக இருக்கிறது.

அதன்பின் நடந்ததை வரிசையாக எழுத எனக்குத் தெம்பில்லை. தருமபுரியை இன்னும் உயர்த்த அத்தா நாற்காலியைத் தேடினார். பிரியாணி ஆறுகிறது என்று அம்மா உள்ளிருந்து சொன்னதை யாரும் கேட்கவில்லை. உங்கள் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது, என் படத்து வருஷம் செப்டம்பரில் தொடங்குகிறது, அத்தாவின் வருஷம் எங்கள் பக்கத்து வரலட்சுமி ரகப் பருத்தி எப்போது வெடிக்கிறதோ அப்போது தொடங்குகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் எடையும் ஒன்றாக இருக்கவேண்டும், வருஷமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. சம்பந்தம் பேசுகிறவர்களுக்கும் அதே பாடத்தை வைத்திருக்கலாம்.

மாமா, இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இனி எழுதுவது அப்படியல்ல.

நாற்காலி வந்து சேர்வதற்கு முன் நீங்கள் திரைப் பக்கம் திரும்பினீர்கள். "ஏம்மா, படம் போட்டது நீதானாமே. இந்தப் பச்சைக் கோடும் நீ போட்டதுதானா?" என்று கேட்டீர்கள். சாந்தமாகத்தான் கேட்டீர்கள். திரையின் இடுக்கு வழியாக எனக்கு அத்தாவின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்தார். காலர் சரியாகத்தான் இருந்தது. ஊரில் பருத்தி விலையில் தகராறு வந்தால் இரண்டு பக்கமும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவர் சொன்ன விலையோடு பேச்சு முடியும். அப்படிப்பட்டவர், தம் மகளின் சம்பந்தக்காரர்கள் முன்னால், மகள் வாயாலேயே பொய்க்கோடு போட்டவர் ஆவதா? இல்லை என்று சொன்னால் அவர் அதுதான். ஆமாம் என்று சொன்னால் நான் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் பேசாதிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம்மில் வழக்கம். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்டே உங்கள் மகனிடம் நீங்கள் சொன்னது சன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "படிச்ச புள்ளயே கணக்கை இப்படிக் கூட்டிச் சொன்னா, நாளைக்கு நம்ம வூட்டுப் பேச்சை எப்படி நம்பறது?" பிறகு செவ்வாய்க்கிழமை ஷரீபுன்னிசா அத்தை வந்து, அவிநாசியில் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், குடும்பத்தைப் பிடித்திருக்கிறதாம், கோடுதான் இடிக்கிறதாம் என்றார். நான் இதுவரை படித்ததில் பெண்ணுக்கு நிறம் இடித்திருக்கிறது, உயரம் இடித்திருக்கிறது, நகை இடித்திருக்கிறது. கோடு இடித்தது எனக்குத்தான் முதல்முறை.

உங்கள் சந்தேகம் நியாயமானது. எனக்கொரு அண்ணன் இருந்தால், கணக்கில் பொய் சொல்கிற பெண்ணை நானும் அவருக்குக் கட்டமாட்டேன். ஆகவே கேளுங்கள்: சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நான் பொறுப்பு. பச்சைக்கு நான் பொறுப்பில்லை. பச்சையைப் போட்டவர் பொய்க்காரர் அல்ல. அவருக்குப் படத்தின் அளவு புரியவில்லை, அவ்வளவுதான். லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஒரு நல்ல மனிதர் தடுக்கி விழுந்துவிட்டார். நீங்கள் போன பிறகு அவர் இரண்டு நாளாகக் கூடத்தில் உட்காரவில்லை. பருத்தி மண்டிக்குப் போகிறார், வருகிறார், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஒரே பக்கத்தைப் படிக்கிறார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் துணிவு வராது. நீங்களும் அத்தாவும் எண்பத்துமூன்றாம் ஆண்டில் சுவரில் இருந்தபோது, உங்கள் மகன் முனாப் குனிந்து படத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். 'ஒரு பேல் 170 கிலோ. ஆண்டு என்பது செப்டம்பர் முதல் ஆகஸ்டு வரை. எண்கள் லட்சங்களில்.' அதை எழுதிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூட அதைப் படித்ததில்லை, படம் கேட்டு வாங்கிய எங்கள் பேராசிரியர் உட்பட. முனாப் அதைப் படித்துவிட்டு இடது ஓரத்து எண்களைப் பார்த்தார். பிறகு பச்சைக் கோட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் அத்தாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவர் தரையைப் பார்த்துச் சிரித்ததில் எனக்குத் தெரிந்தது. அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். சொல்லவில்லை. அன்று அந்த வீட்டில் ஒன்றைச் சொல்லாமல் விட்டது நான் மட்டுமல்ல. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள்.

ஷரீபுன்னிசா அத்தை எப்போது வந்தாலும் உங்கள் முடிவைச் சொல்லியனுப்பலாம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவானால் ~~எனக்கு வருத்தமில்லை~~. படிக்கவேண்டியது நிறைய இருக்கிறது, வரும் ஜூனில் பரீட்சையும் இருக்கிறது. அத்தாவைப் பற்றி மட்டும் தவறாக நினைக்கவேண்டாம். எங்காவது பருத்தி ஏலத்தில் அவரைப் பார்த்தால் முன்போலவே சலாம் சொல்லிப் பேசுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரியவே கூடாது, அவர் உயிரோடு இருக்கும்வரை தெரியக்கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மாமிக்கு என் சலாம், தட்டிக்கொடுத்த கைக்குத் தனியாக ஒரு சலாம். உங்கள் மண்டியில் பரக்கத் பெருக, இந்த வருஷப் பஞ்சு நல்ல விலை போக, வீட்டில் எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருக்க என்னுடைய துஆ எப்போதும் உண்டு. சிறியவள் ஏதாவது அதிகப்படியாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
அ. ஷகிலா

பின்குறிப்பு, வியாழன் காலை: உங்கள் விலாசம் என்னிடம் இல்லை. அத்தாவின் சட்டைப்பையில் இருந்த உங்கள் விசிட்டிங் கார்டை எடுக்கும்போது அவர் வந்துவிட்டார். என்ன என்று கேட்டார். பொய் சொல்கிற பெண் நான் அல்ல என்று மேலே இவ்வளவு எழுதிவிட்டு அங்கே எப்படிப் பொய் சொல்வது? கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். கிளி வந்த இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்:

"முப்பது வருசமா பருத்தி பாக்குறேன். லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதாம்மா?"

அப்படியானால் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லா ஊரும் இருந்துச்சு, நீ பொறந்த ஊரு மட்டும் இல்ல. போடலாம்னு ஒக்காந்தேன். சரியான அளவுல வெச்சா கோடே தெரியல, கீழ்க்கோட்டோட ஒட்டிக்கிச்சு. இந்த வருசம் தொப்பூர் எறங்கறதுல நீயும் இருக்கியேன்னு நெனச்சேன். கை மேல போயிடுச்சு."

ஆகவே, மாமா, அவருக்கு அளவு புரியவில்லை என்று நான் எழுதியது தவறு. நீங்கள் சந்தேகப்பட்டபடியே அது தெரிந்து போட்ட பொய்க்கோடுதான். வருத்தமில்லை என்று நான் எழுதிய வரி அடிக்கப்பட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அடித்தது நான் அல்ல.

தபாலில் போனால் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பவர் அவர்தான். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிக்கொண்டிருக்கிறார், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.